'ஆங்கோர்' என்றால் 'ஒன்ஸ்மோர்'தானா?

ஆல்டோ எழுதியது:

எங்கள் சேர்ந்திசைக் குழு அடுத்த மாதம் எழும்பூரில் ஒரு மாலை நிகழ்ச்சி நடத்துகிறது. நிகழ்ச்சி நிரலை இந்த முறை தமிழிலும் அச்சிட வேண்டும் என்று முடிவாகி, அந்த வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. ஆங்கில நிரலின் கடைசி வரியில் 'ஆங்கோர்' (encore) என்று போட்டு, அதன் கீழே ஒரு பாடலின் பெயரும் இருக்கிறது. நான் தமிழில் 'ஒன்ஸ்மோர்' என்று எழுதிக் கொடுத்தேன். குழுவில் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். "திருவிழா நாடகத்துக்கா நோட்டீஸ் அடிக்கிறாய்?" என்று ஒருவர் கேட்டார். ஒலியை அப்படியே தமிழில் எழுதினால், 'அங்கே ஒரு' என்று படித்துவிட்டு எங்கே என்று தேடுவார்கள்.

இந்தச் சொல்லுக்கு என்னதான் பொருள்? எங்கிருந்து வந்தது? 'ஒன்ஸ்மோர்' வேறு, இது வேறா? அச்சகத்தில் வியாழக்கிழமைக்குள் கேட்கிறார்கள்.

கல்லூரிச்சாலை எழுதியது:

நான் அலியான்ஸ் பிரான்சேஸில் பிரெஞ்சு மாலை வகுப்புக்குப் போகிறவள். எங்களுக்கு முதல் மாதத்திலேயே வந்துவிடும் சொல் இது. பிரெஞ்சில் 'இன்னும்', 'மறுபடியும்' என்பதற்கு மேல் இதற்கு எந்த மகிமையும் கிடையாது. இன்னும் கொஞ்சம் சூப் வேண்டும் என்பதற்கும் இதே சொல்தான், பையன் இன்னும் தூங்குகிறான் என்பதற்கும் இதே சொல்தான். லத்தீனில் 'இந்த நேரம் வரைக்கும்' என்பது போன்ற ஒரு தொடர் தேய்ந்து இப்படி ஆனது என்பார்கள். கடைசிப் பாதியில் ஒளிந்திருப்பது 'ஹோரா'. ஆங்கில 'ஹவர்' வந்ததும் அதிலிருந்துதான்.

வேடிக்கை என்னவென்றால், பாரிஸில் கச்சேரி பிடித்துப்போனால் யாரும் 'ஆங்கோர்' கேட்பது வழக்கமில்லை. 'பிஸ், பிஸ்' என்றுதான் கத்துவார்கள். அது லத்தீன். 'இருமுறை' என்று பொருள். ஆங்கிலேயர் பிரெஞ்சில் கேட்கிறார்கள், பிரெஞ்சுக்காரர் லத்தீனில் கேட்கிறார்கள், நாம் ஆங்கிலத்தில் கேட்கிறோம்.

குறுக்குக்கேள்வி எழுதியது:

நம் ஊர் அரங்கில் எழுந்து நின்று 'பிஸ் பிஸ்' என்று கத்தினால், பசியில் பிஸ்கட் கேட்கிறான் என்று பக்கத்து நாற்காலிக்காரர் பையைத் திறப்பார்.

கல்லூரிச்சாலை எழுதியது:

அவர் திறப்பதும் நியாயம்தான் சார். பிஸ்கட்டில் இருப்பதும் அதே 'பிஸ்'. இருமுறை சுட்டது என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். முன்பெல்லாம் கெட்டுப்போகாமல் இருக்க இரண்டாம் முறை அடுப்பில் வைத்து உலர்த்துவார்கள்.

பாரிமுனைப்பழசு எழுதியது:

ஆல்டோ அம்மா, உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சொல்லின் பிறப்பைத் தங்கை சொல்லிவிட்டார். சொல்லின் நடத்தை வேறு கதை, அதை நான் சொல்கிறேன்.

லண்டனில் இத்தாலிய இசைநாடகம் புதிதாக வந்து எல்லோரும் அதன் பின்னால் அலைந்த காலம். 1712இல் 'ஸ்பெக்டேட்டர்' பத்திரிகையில் வாசகர் கடிதம் போல ஒன்று வந்தது. ரிச்சர்ட் ஸ்டீல் நடத்திய கேலி அது. பாட்டு பிடித்த கனவான்கள் 'ஆங்கோர்' என்றோ, இத்தாலியில் 'இன்னொரு முறை' என்றோ கத்துகிறார்கள், பாடகரும் பெரிய மனதோடு திரும்பப் பாடிவிடுகிறார், இதுவே வழக்கமாகிவிட்டது என்று அதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இந்தச் சொல் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய இடங்களில் இதுவும் ஒன்று.

அதற்குப் பிறகுதான் விஷயமே. அப்போது ஓடிக்கொண்டிருந்த ஒரு நாடகத்தில் நிக்கோலினி என்ற பாடகர் மேடையில் சிங்கத்தோடு சண்டை போட்டுக் கொல்வார். கடிதம் எழுதியவருக்கு அந்தக் கொலை மிகவும் பிடித்துவிட்டது. அவரும் எழுந்து, தனக்குத் தெரிந்த இத்தாலியில், இன்னொரு முறை கொல்லும்படி சத்தமாகக் கேட்டாராம். உச்சரிப்பு நன்றாகவே இருந்தது என்று நண்பர்கள் சொன்னார்களாம். ஆனாலும் ஒருவரும் சட்டை செய்யவில்லை. சிங்கத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், அன்று இரவு அது இரண்டாம் முறை சாகவே இல்லை என்று புலம்பி முடிக்கிறார்.

பாட்டுக்கு மட்டும் மறுமுறை உண்டு, சண்டைக்கு ஏன் இல்லை? முந்நூறு வருடத்துக்கு முந்தைய இந்தக் கேள்வியை நம் ஊர்த் தியேட்டர்க்காரர்களிடம் கேட்டால் பதில் கிடைக்கும்.

ரீல்பெட்டி எழுதியது:

கூப்பிட்டுவிட்டீர்கள், வந்துவிட்டேன். புரசைவாக்கம் பக்கம் ஒரு தியேட்டரில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபம்.

சண்டைக்கும் கேட்டிருக்கிறார்கள் ஐயா. கதாநாயகன் முதலில் முகம் காட்டும் இடத்துக்குக் கேட்பார்கள், பாட்டுக்கு மிக அதிகமாகக் கேட்பார்கள். கேட்பவருக்கு என்ன, இரண்டு சொல். மேலே கேபினில் இருப்பவன் பாட்டைக் கேளுங்கள்.

35 எம்.எம். பிலிம் ஒரு நொடிக்கு 24 பிரேம் ஓடும். அடிக்கணக்கில் நிமிடத்துக்கு 90 அடி. நான்கு நிமிடப் பாட்டு என்றால் 360 அடி பிலிம் கீழ்ச் சுருளுக்குள் போய்விட்டிருக்கும். 'ஒன்ஸ்மோர்' சத்தம் வந்ததும் முதலில் வெளிச்சத்தை மறைக்க வேண்டும். கார்பன் வெளிச்சத்தின் முன்னால் பிலிம் அசையாமல் நின்றால் வெந்து சுருண்டுவிடும். பிறகு மோட்டாரை நிறுத்தி, பிலிமை வெளிச்சம் விழும் சட்டத்திலிருந்து எடுத்து, கையால் பின்னோக்கிச் சுற்றி, பாட்டு தொடங்கும் இடத்தைக் கண்ணால் தேடி, மறுபடி பல் சக்கரங்களில் மாட்டி ஓட்ட வேண்டும். இவ்வளவும் இருட்டில் விசில் சத்தத்துக்கு நடுவே. அவசரத்தில் ஒரு கீறல் விழுந்தால் அடுத்த நாள் விநியோகஸ்தரின் ஆள் வந்து நிற்பார். காட்சி நேரம் தள்ளிப்போனால் வெளியே அடுத்த காட்சிக்கு நிற்கும் கூட்டம் கேட்டை ஆட்டும்.

முதலாளி சொல்லி வைத்திருந்தது, முதல் நாள் முதல் காட்சிக்கு மட்டும் ஒரு முறை, அதுவும் பாட்டு ரீலின் நடுவில் இருந்தால். ரீல் முடிவில் இருந்தால் அடுத்த புரொஜக்டர் ஓடத் தொடங்கியிருக்கும், கேட்டாலும் கிடையாது. கீழே இருப்பவர்களுக்கு இது தெரியாது. 'அந்தப் பாட்டுக்குப் போட்டாயே, இதற்கு ஏன் போடவில்லை' என்று கேபின் கதவைத் தட்டியிருக்கிறார்கள்.

இப்போது படம் ஹார்டு டிஸ்க்கில் வருகிறது. நினைத்த இடத்துக்குப் போகலாம். வேலையும் இல்லை, பெருமையும் இல்லை.

ஆல்டோ எழுதியது:

இதைப் படித்தபோது எங்கள் பியானோக்காரர் எவ்வளவு பாக்கியசாலி என்று தோன்றியது. பக்கத்தைத் திருப்பினால் போதும்.

சபாவாசல் எழுதியது:

எல்லோரும் எங்கெங்கோ போகிறீர்கள். ஒன்று சொல்கிறேன். நம்முடைய கர்நாடக சங்கீதத்தில் இந்தச் சொல்லுக்குத் தேவையே வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசித்தால் சொல்லும் புரியும்.

கச்சேரியில் பல்லவியின் முதல் வரியைப் பாடகர் ஒரு முறையா பாடுகிறார்? சங்கதி சங்கதியாக, அதாவது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாற்றி மெருகேற்றி, அதே வரி திரும்பத் திரும்ப வருகிறது. நிரவலில் ஒரே ஒரு வரியைக் கால் மணி நேரம் உருட்டுகிறார்கள். 'இன்னொரு முறை' என்று நாம் கேட்பதற்கு முன்னால் அவரே கொடுத்துவிடுகிறார். பாராட்டையும் நாம் முடிவுவரை மடியில் கட்டி வைத்திருப்பதில்லை. சங்கதி விழுந்த இடத்திலேயே 'பலே', 'சபாஷ்', 'பேஷ்' எல்லாம் விழுந்துவிடும். மேற்கத்தியக் கச்சேரியில் இருமக்கூடப் பயந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அடக்கி வைத்ததெல்லாம் கடைசியில் வெடிக்கிறது, அந்த வெடிக்கு 'ஆங்கோர்' என்று பெயர்.

முடிவும் நம்மிடம் வேறு. மங்களம் பாடியாயிற்று என்றால் பாடியாயிற்றுதான். அதற்கு மேல் மேதையே ஆனாலும் வாயைத் திறக்கமாட்டார். வேண்டியதைக் கேட்க விரும்புகிறவர் கடைசியில் சின்னப் பாட்டுகள் பாடும் துக்கடா நேரத்தில் சீட்டு எழுதி மேடைக்கு அனுப்புவார்.

பாரிமுனைப்பழசு எழுதியது:

கச்சேரிக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் தமிழனின் சங்கீதம் சபாவுக்குள் மட்டுமா இருந்தது? நாடகக் கொட்டகையை மறந்துவிட்டீர்களே.

செங்கோட்டை கிட்டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1906இல் பிறந்து 1933இல் போய்விட்டார். இருபத்தேழு வயதுதான். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசை வரைக்கும் போகும் குரல். அவர் பாட்டு முடிந்ததும் எழும் 'ஒன்ஸ்மோர்' சத்தத்தைப் பற்றி எங்கள் தாத்தா தலைமுறை பேசிப் பேசித் தீரவில்லை. அங்கே வேடமிட்டு நிற்கும் ராஜா கதையை நிறுத்திவிட்டு அதே பாட்டை மறுபடி பாடுவார். இந்தப் பக்கம் வில்லன் வாளை ஓங்கியபடி காத்திருப்பான். யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. நாடகமே இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும்வரை நடப்பது. நேரம் யாருக்கு வேண்டும்?

சென்னையில் இதற்கு எதிர்முனையும் இருந்தது. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் நடித்த சபை. சென்ட்ரல் பக்கத்தில் இருக்கும் விக்டோரியா பப்ளிக் ஹாலில் நாடகம் போட்டார்கள். இரவு முழுக்க ஓடியதை அவர் சில மணி நேரத்துக்குள் கொண்டுவந்தார், பாட்டைக் குறைத்து வசனத்தை முன்னால் நிறுத்தினார். வசனத்துக்கு எவன் ஒன்ஸ்மோர் கேட்பான்?

குறுக்குக்கேள்வி எழுதியது:

வசனத்துக்கும் கேட்டிருக்கிறார்கள் ஐயா, சினிமா வந்த பிறகு. அதை விடுங்கள். என் சந்தேகம் வேறு. கிட்டப்பா காலத்துக் கொட்டகையில் தரையில் உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேருக்கு ஆங்கிலம் தெரியும்? 'இன்னொருக்கால்' என்று தமிழில் கேட்டிருக்கலாமே. ஏன் ஆங்கிலம்?

கல்லூரிச்சாலை எழுதியது:

பாராட்டுச் சொல் எப்போதுமே வெளியூர்ச் சொல்லாகத்தான் இருக்கிறது சார், அது நம் ஊர் நோய் மட்டும் இல்லை. சபாவாசல் ஐயா அடுக்கிய மூன்றில் 'சபாஷ்' பாரசீகம். 'ஷாத் பாஷ்', அதாவது 'மகிழ்ந்திரு'. பாடியவருக்கு ஆசி கூறுகிறோம் என்று தெரியாமலே கூறுகிறோம். 'பேஷ்' அதுவும் பாரசீகம். 'பலே' வடக்கேயிருந்து வந்தது. மராத்தி நாடக மேடையிலும் பால கந்தர்வர் பாட்டுக்கு 'ஒன்ஸ்மோர்' என்றுதான் கேட்டார்கள், மராத்தியில் கேட்கவில்லை.

சொந்த மொழியில் கேட்டால் அது வேண்டுகோள். வேற்றுமொழியில் கேட்டால் ரசிகன் என்ற பட்டமும் சேர்ந்து கிடைக்கிறது. மேலே சிங்கத்துக்காக இத்தாலியில் கத்தியவர் தன் உச்சரிப்பைப் பற்றித்தானே பெருமைப்பட்டார்?

சபாவாசல் எழுதியது:

பட்டத்துக்காக நான் 'பலே' சொல்வதில்லை. வாயில் வருகிறது, சொல்கிறேன்.

குறுக்குக்கேள்வி எழுதியது:

முன்வரிசையில் உட்கார்ந்து, பாடகர் நிமிர்ந்து பார்க்கும் நேரம் பார்த்து வாயில் வருகிறது.

சபாவாசல் எழுதியது:

அதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடி முடித்தபோது யாரும் கத்தவில்லை. தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் கொடுத்தார்கள். பாணர்களுக்குப் பொற்றாமரை கொடுத்தார்கள். சத்தம் போடுவது பின்னால் வந்த மலிவான வழி.

ஆல்டோ எழுதியது:

பொன் கொடுப்பவர்கள் எழும்பூர் நிகழ்ச்சிக்கு வந்தால் முன்வரிசையில் இடம் போட்டு வைக்கிறேன்.

நேற்று எங்கள் நடத்துநரிடம் (பஸ் நடத்துநர் அல்லர், கையை வீசிக் குழுவை நடத்துபவர்) இந்த உரையாடலைப் படித்துக் காட்டினேன். அவர் சொன்ன தகவல்களை இங்கே போடுகிறேன்.

வியன்னாவில் 1786 மே முதல் தேதி மொசார்ட்டின் 'ஃபிகாரோ' இசைநாடகம் அரங்கேறியது. கூட்டம் பாட்டுக்குப் பாட்டு நிறுத்தித் திரும்பக் கேட்டது. மூன்றாம் நிகழ்ச்சியில் ஏழு பாடல்களை மறுபடி பாடினார்களாம், ஒரு சிறு இருகுரல் பாட்டு மூன்று தடவை. நாடகம் ஏறக்குறைய இரட்டை நீளம் ஆகிவிட்டது. மறுநாளே பேரரசர் இரண்டாம் ஜோசப் உத்தரவு போட்டார். தனிக்குரல் பாட்டுக்கு மட்டும் மறுமுறை, ஒன்றுக்கு மேற்பட்டவர் பாடுவதற்குக் கிடையாது. ரீல்பெட்டி அண்ணனின் முதலாளி போட்ட அதே மாதிரிச் சட்டம்.

மிலானில் லா ஸ்காலா அரங்கில் இன்னும் கடுமை. 1903இல் கூட்டம் விடாமல் மறுமுறை கேட்டதால் இசைக்குழுவை நடத்திய டோஸ்கனினி பாதியில் வெளியே போய்விட்டார். பிறகு அங்கே மறுமுறை பாடுவது ஏறக்குறைய நின்றுபோனது. தனிக்குரல் பாட்டு என்று பார்த்தால், 1933இல் சாலியாபின் என்ற பாடகர் மறுமுறை பாடியதற்குப் பிறகு, 2007இல்தான் ஹுவான் தியேகோ ஃப்ளோரெஸ் என்ற பாடகர் ஒரு பாட்டை இரண்டாம் முறை பாடினார். நடுவில் எழுபத்து நான்கு வருடம். அந்தப் பாட்டில் மேல் 'ஸி' என்ற உச்ச ஸ்வரம் ஒன்பது முறை வருகிறது. அப்படியானால் அன்று இரவு பதினெட்டு.

பாரிமுனைப்பழசு எழுதியது:

அம்மா, உங்கள் கேள்விக்கு விடை நீங்களே போட்ட பதிவில் இருக்கிறது, பாருங்கள். வியன்னாவில் கேட்டது எதை? அப்போதுதான் முடிந்த அதே பாட்டை. மிலானிலும் அதே பாட்டை. லண்டனிலும் அதே பாட்டை, அதே சிங்கத்தை. கிட்டப்பாவிடமும் அதே பாட்டைத்தான் கேட்டார்கள். சொல்லின் முதல் பொருள் அது. 'ஒன்ஸ்மோர்' இம்மி பிசகாமல் அதுதான்.

உங்கள் நிரலில் கடைசி வரியில் இருப்பதோ வேறு பாட்டு. முன்பு பாடாத பாட்டு. எல்லாம் முடிந்து, கூட்டம் கைதட்டி, நீங்கள் உள்ளே போய் மறுபடி வந்து, உபரியாகப் பாடுவது. சொல் நாளடைவில் அங்கே நகர்ந்துவிட்டது. ராக் கச்சேரிகளில் 'ஆங்கோர்' என்றால் இப்போது அதுதான் பொருள். பெரிய வெற்றிப் பாடலை எடுத்து வைத்துக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு, இவர்கள் கத்தட்டும் என்று திரைக்குப் பின்னால் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். எல்விஸ் பிரெஸ்லி அந்த விளையாட்டுக்கே வரமாட்டார். பாடி முடித்தால் நேராகக் கார்தான். காத்திருக்கும் கூட்டத்தைக் கலைக்க 'எல்விஸ் கட்டடத்தை விட்டுப் போய்விட்டார்' என்று 1956இல் ஒரு அறிவிப்பாளர் மைக்கில் சொல்லப்போய், அது அங்கே பழமொழியே ஆகிவிட்டது.

ஆகவே, நாம் வைத்திருக்கும் 'ஒன்ஸ்மோர்' பழைய பொருளை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆங்கிலேயர் வைத்திருக்கும் 'ஆங்கோர்' இடம் மாறிவிட்டது. நிரலில் 'ஒன்ஸ்மோர்' என்று போட்டு வேறு பாட்டைப் பாடினால், நம் ஆட்கள் ஏமாற்று என்பார்கள்.

கல்லூரிச்சாலை எழுதியது:

ஜெர்மன்காரர்கள் இதில் தெளிவு. அவர்கள் கேட்பது 'சூகாபே', 'கூடுதலாகக் கொடுப்பது' என்று பொருள். காய்கறிக்காரரிடம் நாம் கேட்கும் கொசுறு. தமிழ் நிரலில் 'கொசுறு' என்று போடலாம், உங்கள் குழுவுக்குத் துணிச்சல் இருந்தால்.

ஆல்டோ எழுதியது:

இல்லை. ஒன்ஸ்மோருக்கே சிரித்தவர்கள் கொசுறைப் பார்த்தால் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

குறுக்குக்கேள்வி எழுதியது:

என் கேள்வி அடிப்படையானது. கேட்டால் கொடுப்பதுதானே ஆங்கோர்? கேட்பார்கள் என்று முன்கூட்டியே அச்சடித்து வைப்பது என்ன வழக்கம்? யாருமே கைதட்டாமல் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டால் அந்த வரியை என்ன செய்வீர்கள்?

பாரிமுனைப்பழசு எழுதியது:

அந்தப் பயத்துக்கும் பாரிஸில் வழி கண்டுபிடித்திருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே கைதட்டுவதற்குக் கூலிப்படை உண்டு. 'கிளாக்' என்று பெயர். அதற்குள் துறை பிரித்திருந்தார்கள். சிரிக்க ஓர் ஆள், சரியான இடத்தில் கைக்குட்டையை எடுத்து அழ ஒரு பெண், முடிந்ததும் 'பிஸ், பிஸ்' என்று கத்துவதற்கென்றே தனி ஆள். அந்தக் கடைசி ஆளுக்கு 'பிஸ்ஸர்' என்று உத்தியோகப் பெயரே இருந்தது. தலைவன் முதலிலேயே ஒத்திகையைப் பார்த்து, எங்கே எவ்வளவு என்று குறித்துக்கொள்வான். ரோமில் நீரோ மன்னன் பாடும்போது தட்டுவதற்கு ஐயாயிரம் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தான் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கை குவித்துத் தட்டுவது, விரித்துத் தட்டுவது என்று அதில் வகைகள் வேறு.

ரீல்பெட்டி எழுதியது:

எங்கள் தியேட்டரில் மன்றத்துக்காரர்கள் இதைச் சம்பளமில்லாமல் செய்தார்கள்.

ஆல்டோ எழுதியது:

முடிவு எடுத்தாயிற்று. தமிழ் நிரலில் அந்த வரியே கிடையாது. ஆங்கில நிரலிலும் எடுத்துவிடலாம் என்று நடத்துநரே ஒப்புக்கொண்டார். பாட்டு தயாராக இருக்கும். கேட்டால் பாடுவோம். கேட்பவர் பிரெஞ்சில் கேட்டாலும் லத்தீனில் கேட்டாலும் சரி. ஆனால் அரங்கை ஒன்பது மணிக்குள் ஒப்படைக்க வேண்டும், ஆகவே 8.50க்குள் கேட்டுவிடுங்கள்.

ரீல்பெட்டி எழுதியது:

நான் வருகிறேன் அம்மா. கேட்கும் வேலையை என்னிடம் விட்டுவிடுங்கள். இத்தனை வருடம் மேலே இருந்து வாங்கிக்கொண்டே இருந்தேன், ஒரு தடவை கீழே இருந்து கேட்டுப் பார்க்கிறேன். கூலி என்ன தருவீர்கள்?

ஆல்டோ எழுதியது:

வாசலில் காபியும் இரண்டு பிஸ்கட்டும்.

சபாவாசல் எழுதியது:

எனக்கும் ஒரு டிக்கெட் எடுத்து வையுங்கள். முன்வரிசை வேண்டாம்.